தண்டைப் பார்த்த நத்தை

தாமரைக்குளத்தின் நடுவே, இருப்பதிலேயே பெரிய இலைமேல் ஓர் இலைக்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தான். அவன் பெயர் நெட்டைவிரலன். இலைக்கோழிகளில் பெண் முட்டையிடுவதோடு சரி, மிச்சமெல்லாம் அப்பன் பாடு. நாலு முட்டைகள். அவனுக்கு அவைதான் உயிர்.

நீண்ட விரல்களைப் பரப்பி இலைக்கு இலை நடப்பவன் என்பதில் அவனுக்குக் கர்வம் அதிகம். "நான் மிதிக்காத இலை இந்தக் குளத்துல உண்டா?" என்பான். மேல்பக்கமெல்லாம் அவனுக்கு அத்துப்படிதான். அடிப்பக்கத்தை அவன் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஒருநாள் காலையில் இலையோரத்தில் ஒரு நத்தை தலைநீட்டியது.

"அண்ணே, கீழே தண்டு அழுகிப்போச்சு. இலை எப்போ வேணும்னாலும் சாயும். முட்டைகளைப் பக்கத்து இலைக்குத் தள்ளிடுங்க."

"நத்தையைத் தின்கிறவனுக்கு நத்தை புத்தி சொல்லுதா? உனக்கென்ன அக்கறை?"

"நேத்து என் பிள்ளைங்க ரெண்டு பேரைக் கொத்திட்டீங்க. நான் இதைச் சொன்னா, மிச்சத்தையாவது விட்டுடுவீங்கன்னு ஒரு நப்பாசை. வேற ஒண்ணுமில்ல."

நெட்டைவிரலன் யோசித்தான். முட்டைகளைத் தள்ளி முடிக்கவே அரைநாள் ஆகும். அதற்குள் நத்தைக் கூட்டமே தப்பிவிடும். எல்லாம் தந்திரம் என்று முடிவுகட்டினான்.

"இலை பச்சைப்பசேல்னு இருக்கு. உனக்குக் கண் தெரியலையா?" என்றபடியே ஒரு கொத்து. ஓடு நொறுங்கியது. அறிவுகெட்டவன், வயிறு நிறைந்த திருப்தியில் மறுபடியும் முட்டைகள்மேல் உட்கார்ந்தான்.

மத்தியானம் காற்று கிளம்பியது. தண்டு அறுந்து இலை ஒருபக்கமாகச் சாய்ந்தது. இரண்டு முட்டைகள் உருண்டு விழுந்தன. ஒன்றை அலகால் தடுப்பதற்குள் இன்னொன்றும் போய்விட்டது. தடுத்ததைச் சிறகில் இடுக்கிக்கொண்டு பக்கத்து இலைக்குத் தாவினான். பாதி வழியில் அதுவும் நழுவியது. விழுந்ததை எல்லாம் கீழே ஓர் ஆமை கவ்விக்கொண்டது.

சாயங்காலம் முட்டையிட்டவள் வந்தாள்.

"நாலும் போச்சா?"

"போச்சு."

"முன்னாடியே யாரும் சொல்லலையா?"

அவன் அலகில் ஓட்டுத் துண்டு ஒன்று இன்னும் ஒட்டியிருந்தது.

"ஒரு நத்தை சொல்லுச்சு," என்றான்.

அவள் அந்தத் துண்டைப் பார்த்தாள். வேறொருவனின் இலைக்குப் பறந்துபோனாள்.

எச்சரிக்க வந்தவன் எளியவன் என்று அவன் வாயை அடைத்தவன், தன் வீடு அழிவதைத் தன் கண்ணாலேயே பார்க்க வேண்டிவரும்.