யானைக் குரலில் ஊதிய நரி

காட்டின் நடுவே ஆனைமடு என்று ஒரு குளம். பெயரே சொல்லிவிடும், அது யானைகளுக்குச் சொந்தம். யானைகள் இல்லாத நேரத்தில் மற்றவை தண்ணீர் குடிக்கலாம். பிளிறல் கேட்டதும் ஓடிவிட வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் யானைக்கு மரியாதைக் குறைவாம். இந்த வழக்கத்தை யார் ஆரம்பித்தார்களோ, லாபம் என்னவோ நரிக்குத்தான்.

நரிக்கு நண்டு என்றால் உயிர். ஆனால் குளத்தில் கூட்டம் இருந்தால் நண்டுகள் வளையை விட்டு வெளியே வராது. ஆகவே நரி ஒரு மூங்கில் குழாயைத் தேடிப் பிடித்து, புதருக்குள் உட்கார்ந்து ஊதியது. அசல் பிளிறல்தான்! எல்லாம் தலைதெறிக்க ஓடின. நரி சாவகாசமாக நண்டு தின்றது. கொக்கு மட்டும் ஓடாமல் நின்று மீன் பிடித்தது.

"யாராவது கேட்டா, யானையைக் கண்ணால பாத்தேன்னு சொல்லு" என்றது நரி.

"அதுக்கென்ன, சொல்லிட்டாப் போச்சு" என்றது கொக்கு.

தினமும் இதே கூத்து. கோடையில் வேறு எங்கும் தண்ணீர் இல்லை. தாய்முயல் ஒன்றுக்குத் தாகத்தில் பால் வற்றத் தொடங்கியது. பசியில் குட்டிகள் முனகுவதைக் கேட்கக் கேட்க அதற்கு வயிறு எரிந்தது. அது உடும்பிடம் போனது.

"யானை வந்தா சத்தம் மட்டுமா வரும்? தரை அதிராதா?"

"நான் வயித்தைத் தரையில வெச்சே கிடக்கிறவன். இந்தப் பக்கம் ஒரு அதிர்வும் இல்லயே."

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"யாரும் கேக்கலயே" என்றது உடும்பு.

முயல் ஒரு காவல் ஏற்பாடு செய்தது. உடும்பு தரையைக் கவனிக்கும். குரங்கு மர உச்சியிலிருந்து பார்க்கும். "நானும் வரேன்" என்று கொக்கும் ஒட்டிக்கொண்டது. "ஒருத்தர் சொல்றது இன்னொருத்தர் காதுல விழக் கூடாது. தனித்தனியா எங்கிட்ட சொல்லுங்க" என்றது முயல்.

மறுநாள் பிளிறல் கேட்டது.

"அதிர்வு இல்ல" என்றது உடும்பு. "ஒரு கிளைகூட ஆடல" என்றது குரங்கு. "மலை மாதிரி வருது, ஓடுங்க!" என்றது கொக்கு.

கொக்கு சொல்வது நிஜமானால் யானைக்காலில் சட்னிதான். இருந்தும் முயல் தன் குட்டிகளை நினைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்று தண்ணீர் குடித்தது. யானை வரவில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் கொக்கு அதையே சொன்னது, யானைதான் வரவில்லை. அதன் பிறகு கொக்கின் பேச்சை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. மான்களும் பன்றிகளும் தைரியமாகத் திரும்பி வந்து வயிறு நிறையக் குடித்தன. முயலுக்குப் பால் மறுபடி சுரந்தது.

யாரும் ஓடாததைக் கண்டு நரிக்கு ஆத்திரம். வெட்கத்தை விட்டுக் கரைக்கே வந்து, கன்னம் வீங்க ஊதியது.

"அதிருது, நிஜமாவே அதிருது!" என்றது உடும்பு. "கிளையெல்லாம் ஆடுது" என்றது குரங்கு. முயல் குரல் கொடுத்தது. எல்லாம் அமைதியாகக் கரையேறி வழிவிட்டன.

தன் குழல் ஜெயித்துவிட்டது என்று நரி இன்னும் ஓங்கி ஊதியது. அந்தச் சத்தத்தில், பின்னால் யானைக் கூட்டம் வந்து நின்றது அதற்குக் கேட்கவே இல்லை.

"எங்க குளத்துல எங்க குரல்ல ஊதுறது யாருப்பா?" என்றது தலைவி யானை. துதிக்கையால் நரியைத் தூக்கி எதிர்க்கரைச் சேற்றில் வீசியது. நரி எழுந்து ஓடிய ஓட்டத்தில் காட்டையே தாண்டிவிட்டது. கொக்கும் சத்தமில்லாமல் பறந்துபோனது. காடே கைகொட்டிச் சிரித்தது!

ஒரு குரலை மட்டும் கேட்டு ஓடுகிறவன் ஏமாறுவான். பலர் சொல்வதையும் ஒப்பிட்டுப் பார்த்துப் பொய்யனை விலக்கத் தெரிந்த கூட்டத்தை யாராலும் ஏமாற்ற முடியாது.