சிக்கனச் சிறகில் சேர்ந்த சேவல்

ஒரு காட்டில் ஒரு பள்ளத்தாக்கு இருந்தது, குழந்தைகளே. மற்றக் காடுகளுக்குச் சிங்கம் ராஜா. இந்தக் காட்டுக்குப் பள்ளத்தாக்குதான் ராஜா. எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும். அடியில் ஆறு ஓடியது. ஆற்றில் முதலைகள் இருந்தன. முதலைகளுக்கு எப்போதும் பசி.

பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் அத்தித் தோப்பு. இந்தப் பக்கத்துக்கு வாசனை மட்டும் வரும். சுற்றி நடந்தால் மூன்று நாள் ஆகும். முடிந்தவர்கள் நடந்தார்கள். முடியாதவர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு இருந்துவிட்டார்கள்.

இதைப் பார்த்த நரியாருக்கு ஒரு யோசனை வந்தது. நரிக்கு யோசனை வந்தால் யாருக்கோ கஷ்டகாலம் என்று அர்த்தம். கொடிகளைப் பின்னிப் பெரிய தொட்டில் ஒன்று செய்தார். நான்கு மூலையிலும் நான்கு நாரைகளைக் கட்டினார். சின்னச் சின்ன விலங்குகள் தொட்டிலில் உட்கார, நாரைகள் தூக்கிக்கொண்டு பறந்து அக்கரையில் இறக்கிவிட்டன. அந்தச் சேவைக்குச் “சிக்கனச் சிறகு” என்று பெயர். கட்டணம் ஒரு பிடி இலந்தைப் பழம்.

ஒரு பிடிதான். ஆனால் வாலுக்குத் தனிக் கட்டணம். சாய்ந்து உட்கார்ந்தால் அதற்குத் தனி. அணில் தன் உடம்புக்குக் கொடுத்ததைவிடத் தன் வாலுக்கு அதிகமாகக் கொடுத்தது. கொடுத்துவிட்டு, “எவ்வளவு மலிவு பாத்தியா!” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தது.

ஒரு தொட்டில் மூன்றாயிற்று. மூன்று பத்தாயிற்று. “பாதுகாப்பே எங்கள் மூச்சு” என்று மரத்துக்கு மரம் பலகை தொங்கியது. படிக்கத் தெரியாத விலங்குகளுக்குக்கூட அதைப் பார்த்தால் நிம்மதியாக இருந்தது.

தொட்டில் பின்னுவது சுலபம். நாரையைப் பின்ன முடியுமா? விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை சுமை தூக்கி நாரைகளுக்கு இறக்கை விட்டுப்போயிற்று. அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் காட்டுக் கரடியும் ஒரு தொட்டில் சேவை தொடங்கிற்று. தினம் இரண்டு கெண்டை மீன் கூடுதல், மத்தியானம் தூங்க அனுமதி என்று சொல்லி அனுப்பியது. நாரைகள் கூட்டமாகக் கிளம்பிப் போய்விட்டன. கூட்டில் குஞ்சு இருந்ததால் ஒரே ஒரு நாரையக்கா மட்டும் மிஞ்சினாள்.

“விமானிகள் தேவை. இறக்கை இருந்தால் போதும்” என்று நரியார் பறை அறைவித்தார். வரிசை நீண்டது. அந்த வரிசையில்தான் செங்கொண்டை நின்றான்.

செங்கொண்டை ஒரு காட்டுச் சேவல். தன் கொண்டையைவிட அழகான பொருள் உலகத்தில் இல்லை என்பது அவன் அபிப்பிராயம். மற்றபடி நல்லவன், பொய் சொல்லத் தெரியாதவன். பெருமை அடித்துக்கொள்வான், ஆனால் உண்மையை வைத்தே அடித்துக்கொள்வான்.

“ஆகாயத்தில் இருந்த அனுபவம் எவ்வளவு?” என்று கேட்டார் நரியார்.

“ஐயா, எட்டின கிளை வரைக்கும் ஏறுவேன். ராத்திரி அங்கயே தூங்குவேன். விடிஞ்சா இறங்கிடுவேன்.”

“தூங்கும்போது கால் தரையில் படுமா?”

“எப்படிங்க படும்? கிளையிலல்ல இருக்கேன்.”

“அப்படியானால் இரவு முழுவதும் நீர் தரைக்கு மேலே இருக்கிறீர். தரைக்கு மேலே இருப்பதற்குப் பெயர் என்ன?”

“தூக்கமுங்க.”

“ஆகாயம்!” என்று நரியார் மேசைக் கல்லைத் தட்டினார். “பிறந்ததிலிருந்து ஒவ்வோர் இரவும் ஆகாயத்தில் இருந்திருக்கிறீர். உம்மைவிட அனுபவசாலி இந்தக் காட்டிலேயே கிடையாது.”

செங்கொண்டைக்கு இது புதிய செய்தி. ஆனாலும் நல்ல செய்தி. நல்ல செய்தியை யாராவது தட்டிப் பார்த்து வாங்குவார்களா? அவன் தலையை ஆட்டிவிட்டான்.

இறக்கையில் மஞ்சளைக் குழைத்து நான்கு கோடு போட்டார்கள். கோழிகளெல்லாம் “விமானி வீட்டுக்காரி வர்றா” என்று அவன் பெண்சாதிக்கு வழிவிட்டன. அன்றிலிருந்து செங்கொண்டைக்குக் கால் தரையில் படவில்லை. அந்த நேரத்தையும் நரியார் அனுபவத்தில் சேர்த்துக்கொண்டார்.

ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பார்கள். சரி, சர்க்கரைக்குப் பதில் இலுப்பைப் பூவைப் போட்டால் பாயசம்தான் கெடும். இங்கே கெடப்போவது என்ன என்று நாரையக்காவுக்குத் தெரியும். நேரே நரியாரிடம் போனாள்.

“நரியாரே, சேவல் பள்ளத்தாக்கைத் தாண்டாது. நடுவழியில ஒரு மூலை சாஞ்சா தொட்டிலே கவுந்துடும்.”

“மற்ற மூன்று மூலைகள் இருக்கின்றனவே.”

“ஒரு மூலையில நான். இன்னொண்ணுல ஆட மட்டும் தெரிஞ்ச மயில். மூணாவது பருந்தண்ணன். அவரு ஒழுங்கா தூங்கி எத்தனையோ நாளாச்சு. பறக்கும்போதே தூங்குறாரு.”

“தூங்கிக்கொண்டே பறக்கிறார் என்றால் எவ்வளவு திறமைசாலி!” என்றார் நரியார்.

“நான் ஆந்தையார்கிட்டச் சொல்லுவேன்.”

“தாராளமாகச் சொல்லுங்கள். அவர் நாளைக்கே வருகிறார்.”

ஆந்தையார் அந்தக் காட்டின் பறப்புப் பாதுகாப்பு அதிகாரி. கடமையில் மகா கண்டிப்பானவர். ஒரு சோதனையைக்கூடத் தவறவிட்டதில்லை. என்ன, எப்போதும் உச்சி வெயிலில்தான் சோதனைக்கு வருவார். உச்சி வெயிலில் ஆந்தைக்குக் கண் தெரியாது என்பது உங்களுக்கே தெரியும். நரியாருக்கும் தெரியும்.

நரியார் அவர் இறக்கையைப் பிடித்து அழைத்துப் போனார். “இது தொட்டில், ஐயா. இது கயிறு. இவர் எங்கள் புதிய விமானி.”

ஆந்தையார் தடவிப் பார்த்தார். கொண்டை இறக்கை நுனியில் பட்டது. “இது என்ன?”

“விமானியின் தொப்பி, ஐயா.”

“ஐயா, அது சேவலுங்க!” என்று நாரையக்கா கத்தினாள்.

“புகாரா? முறைப்படி நரியாரிடம் கொடுங்கள். அவர் விசாரித்து எனக்குச் சொல்வார்” என்றார் ஆந்தையார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “நான் பார்த்தவரையில் ஒரு குறையும் இல்லை” என்று அறிவித்தார். பாவம், அவர் பொய் சொல்லவில்லை.

தன்னை வெறும் சேவல் என்று சொன்னதில் செங்கொண்டைக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ‘நாரையக்காவுக்குப் பொறாமை’ என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைத்துக்கொண்டே பள்ளத்தாக்கின் விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தான். ஆறு ஒரு நூலாகத் தெரிந்தது. பின்பக்கமாகவே நடந்து வீட்டுக்கு வந்துவிட்டான். பெண்சாதி கேட்டதற்கு, “காத்து நல்லா இருக்கு” என்று மட்டும் சொன்னான்.

முதல் பயண நாள் வந்தது. அத்திப் பழம் பழுத்துக் கொட்டுகிற காலம், தொட்டில் நிரம்பி வழிந்தது. முதல் ஆளாக முயல் ஏறி நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தது. அணில் தன் வாலை மடியில் வைத்துக்கொண்டது. கடைசியாக ஒரு முள்ளெலி, நான்கு குட்டிகளோடு வந்து ஓரமாக ஒண்டிக்கொண்டது.

“அண்ணே, நீங்கதான் விமானியா?” என்று அது கேட்டது.

“ஆமா, தங்கச்சி.”

“நேத்தெல்லாம் எனக்கு ஒரே பயமுங்க. பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுப் போறோமேன்னு. உங்க இறக்கையில மஞ்சக் கோட்டைப் பார்த்தேன், பயம் போயிடுச்சு. சின்னவன் தூங்கவே தூங்கிட்டான், பாருங்க.”

செங்கொண்டை பார்த்தான். உள்ளங்கை அளவுகூட இல்லாத குட்டி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கிற்று. பாராட்டைக் கேட்டும் கொண்டை நிமிராதது அவன் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

மெல்ல நரியாரிடம் நகர்ந்தான். “ஐயா, இன்னைக்கு என்னால முடியாது. விட்டுடுங்க.”

நரியார் அன்பாகச் சிரித்தார். “விலகிக்கொள்வது உம்முடைய உரிமை. ஆனால் யோசித்துப் பாரும். விலகினால் நீர் விமானி இல்லை. விமானி இல்லையென்றால் வெறும் சேவல். நானும் அப்போது முதலாளி இல்லை, வெறும் நரி.”

இதைச் சொல்லிவிட்டு நாக்கால் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

செங்கொண்டை திரும்பித் தன் மூலைக்கு வந்தான். முன்னால் பள்ளம், பின்னால் நரி. பறந்தால் தொட்டிலோடு போகவேண்டும். பறக்கவில்லை என்றால் குழம்பாகவேண்டும். நடுவில் அந்தச் சின்னவன் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தான்.

செங்கொண்டை கழுத்தை நீட்டினான்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு! உங்க விமானி பேசுறேன். எனக்குப் பறக்கத் தெரியாது.”

எல்லோரும் எழுந்து ஓடுவார்கள் என்று நினைக்கிறீர்களா? செங்கொண்டையும் அப்படித்தான் நினைத்தான்.

முயல் கேட்டது: “அப்போ கட்டணத்தைத் திருப்பித் தருவீங்களா?”

“கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது” என்றார் நரியார்.

“அப்படின்னா கிளம்புங்க. இலந்தைப் பழம் என்ன வானத்துலேர்ந்தா கொட்டுது?” என்று முயல் காலை நீட்டிக்கொண்டது.

“நான் வாலுக்கும் சேர்த்துக் குடுத்திருக்கேன்” என்றது அணில்.

“பெரிய விமானிங்கன்னா இப்படித்தான், தன்னடக்கமாப் பேசுவாங்க” என்றது ஒரு கீரி.

“பேச்சைக் குறைச்சு வண்டியை எடுங்கப்பா, நேரமாவுது!” என்று பின்னால் யாரோ சத்தம் போட்டார்கள்.

நரியாருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. “பயணிகளின் நம்பிக்கையைப் பாரும்! இதற்காகவாவது பறக்கக்கூடாதா?”

முள்ளெலி மட்டும் எழுந்திருக்கப் பார்த்தது. நெரிசலில் முடியவில்லை. குட்டிகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, “அண்ணே, நிஜமாவா?” என்று கேட்டது.

செங்கொண்டைக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபம் நரியின் மேல் இல்லை, தன் மஞ்சள் கோட்டின் மேல். அலகால் கயிற்றை அவிழ்த்து எறிந்தான்.

“சொன்னா நம்பமாட்டீங்க. சரி, பார்த்தாவது நம்புங்க!”

சொல்லிவிட்டு விளிம்பிலிருந்து தனியாகக் குதித்தான்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், கொஞ்ச தூரம் பறக்கவே செய்தான். கூரையிலிருந்து குப்பைமேட்டுக்குப் பறக்கிற தூரம். அதற்குப் பிறகு இறக்கை அடித்ததே தவிர உடம்பு நிற்கவில்லை. கல்லாக விழுந்து, பாறை இடுக்கில் இருந்த காரைப் புதரில் சொத்தென்று மாட்டிக்கொண்டான். சிவப்பு இறகுகள் மட்டும் மேலே மிதந்து வந்தன.

மயில் வீறிட்டது. பருந்தண்ணன் கண்ணைத் திறந்து, “அக்கரை வந்துடுச்சா?” என்று கேட்டார்.

அவ்வளவுதான். ஒருவர்மேல் ஒருவர் விழுந்து எல்லோரும் தொட்டிலைவிட்டு இறங்கினார்கள். முதலில் இறங்கியது முயல்.

“பயப்படாதீர்கள்! அது திட்டமிட்ட தரையிறக்கம்! எவ்வளவு துல்லியமாக இறங்கினார் பார்த்தீர்களா!” என்று நரியார் கத்திக்கொண்டே இருந்தார். கேட்க ஆள் இல்லை.

நாரையக்கா தன் கயிற்றை அவிழ்த்து, அதன் நுனியைக் கவ்விக்கொண்டு கீழே பறந்தாள். செங்கொண்டையின் இடுப்பில் சுற்றிக் கட்டினாள். மேலே முள்ளெலியும் பருந்தண்ணனும் இழுத்தார்கள். ஓர் இறக்கை ஒடிந்து, உடம்பெல்லாம் முள்ளோடு, அவன் விளிம்பில் வந்து விழுந்தான்.

நரியார் பக்கத்தில் வந்து குனிந்தார். “இனி நீர் வெறும் சேவல்தானே?” என்று வாயைத் திறந்தார்.

வாய்க்குள் போனது சேவல் இல்லை. குறுக்கே உருண்டு வந்த முள்ளெலி. நரியார் போட்ட ஊளை பக்கத்துக் காட்டுக் கரடிவரை கேட்டது. மூக்கெல்லாம் முள்ளோடு அவர் காட்டுக்குள் ஓடினார். நாரையக்கா, மயில், பருந்தண்ணன் மூவரும் தொட்டிலை உதறிவிட்டுப் போனார்கள். சிக்கனச் சிறகு அதற்குப் பிறகு தரையைவிட்டு எழும்பவில்லை.

பயணிகள் சுற்றுவழியில் மூன்று நாள் நடந்தார்கள். வழியெல்லாம் திட்டிக்கொண்டே நடந்தார்கள். நரியை இல்லை, குழந்தைகளே, சேவலை. “அவன் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா இந்நேரம் அத்திப் பழம் தின்னுக்கிட்டு இருப்போம்” என்று முயல் சொல்ல, மற்றவர்கள் ஆமாம் போட்டார்கள்.

முள்ளெலி அவர்களோடு போகவில்லை. ஒடிந்த இறக்கைக்கு இலை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தது. செங்கொண்டை தலை குனிந்து, “எல்லாரும் பார்க்க இப்படி விழுந்துட்டேனே, தங்கச்சி” என்றான்.

“பறந்தவங்களை நிறையப் பார்த்திருக்கேன் அண்ணே. என் பிள்ளைங்களுக்காக விழுந்தவர் நீங்க ஒருத்தர்தான்” என்றது முள்ளெலி.

சின்னவன் அப்போதுதான் கண் விழித்து, பசிக்கிறது என்று அழத் தொடங்கினான்.

நீதி: தெரியாததைத் தெரியாது என்று சொல்பவன் பிறரைக் காப்பான்; மலிவாகக் கிடைத்தது என்று கண்ணை மூடிக்கொள்பவன் தன்னையே காத்துக்கொள்ளமாட்டான்.