விளக்கைச் சுற்றி வட்டம்

கண் டாக்டர் வெண்மதிக்கு மறுநாள் காலை ஒரு கண்புரை ஆபரேஷன். பெங்களூருக்கு ராத்திரி பஸ் ஓட்டும் பாக்கியநாதனின் இரண்டாவது கண். தூரம், கிட்டம் இரண்டும் தெரிகிற லென்ஸை முதல் கண்ணில் மூன்று மாதம் முன்பு அவள்தான் வைத்தாள். அன்றிலிருந்து, விளக்கைப் பார்த்தால் வளையம் வளையமாகத் தெரிகிறது என்று மனிதர் புலம்பாத நாளில்லை.

மனசு கேட்காமல் தன் ஆசிரியர் டாக்டர் சற்குணத்தைத் தேடித் திண்டுக்கல் போனாள். மொட்டை மாடியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் அவளுக்குப் பழைய கண் முகாம்கள் ஞாபகம் வந்தன. பள்ளிக்கூட பெஞ்சில் நோயாளியோடு உட்கார்ந்து, என்ன வேலை, எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள் என்று சாவகாசமாகக் கதை கேட்பார். வரிசை வாசலைத் தாண்டும். இவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடிப்பாள். அந்த நாட்கள் இனி வரவா போகின்றன?

“சார், ராத்திரி பஸ் ஓட்டுற ஒருத்தர், லென்ஸ் வச்ச கண்ணால சார்ட்ல கடைசி வரி வரைக்கும் படிக்கிறார். பொடி எழுத்தும் தெரியுது. போகப் போகப் பழகிடும்னு சொல்லியிருக்கேன். நாளைக்கு இன்னொரு கண்ணுக்கும் அதே லென்ஸ் வச்சிடலாமா?”

“அவர் என்ன சொல்றார்?”

“விளக்கெல்லாம் வளையம் வளையமாத் தெரியுதாம். வண்டியத் தொடவே பயமா இருக்காம். வண்டி இல்லேன்னா பொழப்பு இல்லேங்கிறார்.”

சற்குணம் பொழுது சாய்ந்ததும் கீழே போய்த் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். அவள் போட்டிருந்த மூக்குக்கண்ணாடியை வாங்கி, விரலால் துளி எண்ணெய் தொட்டு, இரண்டு பக்கமும் தடவித் திருப்பிக் கொடுத்தார்.

“துடைக்காம மாட்டிக்கோ. ரோட்டப் பாரு. அதோ வர்றது பைக்கா, லாரியா?”

ஒரே வெளிச்சக் குழம்பல். வட்டத்துக்குள் வட்டம்.

“தெரியல சார்.”

வீட்டைக் கடக்கும்போதுதான் லாரி என்று தெரிந்தது. “ராத்திரியில அவர் கண்ணுக்கு இப்படித்தான்” என்றார் சற்குணம்.

“அவருக்கு இப்படித்தான் தெரியும்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?”

“நாலு வருஷம் முன்னாடி எனக்கு ரெண்டு கண்ணுலயும் நீ வச்சது அதே லென்ஸ்தானேம்மா?”

அவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

“உங்களுக்கும் வட்டம் தெரியுதா? ஒரு வார்த்தை சொல்லலையே சார்!”

“எனக்கென்னம்மா? விளக்கு வச்சதும் சாப்பிட்டுப் படுத்துடுவேன். அவர் அப்பத்தானே வண்டிய எடுக்கிறார்.”