புள்ளி நின்ற இடம்

அது ஒரு காலத்தில் பட்டுப்புழு வளர்த்த கொட்டகை. புழு வளர்ப்பை விட்டு நான்கு வருடமாகியிருந்தது. ஜன்னல்களைக் கறுப்புத் தார்ப்பாயால் அடைத்து, கதவிடுக்கில் சாக்கைத் திணித்துவிட்டால், நடுப்பகலிலும் உள்ளே தன் கை தனக்குத் தெரியாது. ஆக்னஸ் டீச்சர் அங்கேதான் பாடம் நடத்தினார்.

மலையடிவாரத்து மக்காச்சோளக் காடுகளில் அந்த வருடம் காட்டுப்பன்றித் தொல்லை தாங்கவில்லை. துப்பாக்கி உரிமம் வைத்திருக்கும் விவசாயிகளில் சிலர், இருட்டில் பார்க்கும் கருவி பொருத்திய துப்பாக்கியோடு காவலிருக்கலாம் என்று முடிவாகியிருந்தது. அதற்கு ஆறு சனிக்கிழமை பயிற்சி எடுக்க வேண்டும். கடைசி நாளில் டீச்சர் படிவத்தில் கையெழுத்துப் போட்டால்தான் அனுமதி.

ஆக்னஸ் பதினான்கு வருடம் எல்லையில் காவல் இருந்தவர். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். தன்னைவிடப் பத்து வயது மூத்த மாணவர்களை அண்ணாச்சி என்று கூப்பிட்டார்.

"எங்கூர்ல அண்ணாச்சின்னா மளிகைக் கடைக்காரருங்க டீச்சர்" என்றார் காளியண்ணன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்று, இப்போது வாழை வைத்திருப்பவர்.

"அப்படியா. துவரம்பருப்பு என்ன விலை அண்ணாச்சி?"

ஏழு பேரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தவர் வெள்ளியங்கிரி. அவருக்கு மூன்று ஏக்கர் மக்காச்சோளம் இருந்தது.

முதல் நாள் டீச்சர் மேசைமேல் இரண்டு பொருள்களை வைத்தார். ஒன்று, பார்க்கும் கருவி பொருத்திய துப்பாக்கி. மற்றொன்று, கழுத்தில் மாட்டிக்கொள்ளும் சிறிய கைக்கருவி.

கைக்கருவியைத் தூக்கிக் காட்டினார். "பார்க்கிறது இதுல. சுடுறது அதுல. அதை எடுத்து எதையும் தேடக் கூடாது."

எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். வெள்ளியங்கிரி எழுதி அடியில் கோடும் போட்டார்.

குண்டு போட்டுச் சுடுவதெல்லாம் ஊருக்கு வெளியே கல்லுக்குழியில், அந்தி நேரத்தில். கொட்டகைக்குள் மரத் துப்பாக்கிதான். பலா மரத்தில் கடைந்து, உள்ளே ஈயம் வைத்து, அசல் எடைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அதன்மேல் உண்மையான கருவி. அட்டையில் வெட்டிய பன்றிகளை இருட்டில் அங்கங்கே நிறுத்திவைப்பார்கள். கைக்கருவியில் தேடு, என்னவென்று சொல், கருவியை விடு, துப்பாக்கியை எடு, தோளில் வை. இவ்வளவுதான் பாடம். திரும்பத் திரும்ப அதே பாடம்.

"பஸ்ல கியர் போடக் கத்துக்கிட்டப்பக்கூட இவ்ளோ தடவை போடலீங்க" என்றார் காளியண்ணன்.

மூன்றாவது சனிக்கிழமை கல்லுக்குழியில் பயிற்சி முடிய நேரமாகிவிட்டது. வெள்ளியங்கிரி வீட்டுக்கு வந்தபோது நாச்சம்மாள் இல்லை. கணவன் வரக் காணோமே என்று அவளே டார்ச்சும் தகர டப்பாவும் எடுத்துக்கொண்டு காவலுக்குப் போயிருந்தாள். வரப்போரத்தில் பன்றி அவள் தொடையைக் கிழித்திருந்தது. பதினான்கு தையல்.

நான்காவது வாரம் அவர் வந்தபோது காளியண்ணன் தன் பீடிக்கட்டை அவர் பக்கம் தள்ளினார். வெள்ளியங்கிரி வேண்டாம் என்று தலையசைத்தார்.

அன்று முதல் அவர் கைக்கருவியைத் தொடவில்லை. கதவு மூடியதும் நேராக மரத் துப்பாக்கிக்குத்தான் கை போனது.

"அண்ணாச்சி, கைக்கருவி எங்க?"

"மேசைமேல இருக்குதுங்க."

"எதுல தேடுறீங்க?"

"இதுலயே நல்லாத் தெரியுதுங்க. அதுல எல்லாம் கலங்கலா இருக்குது. விரலை விசைக்கு வெளியதானுங்க வெச்சிருக்கறேன்."

"எடுத்து மாட்டிக்கோங்க."

"சரிங்க."

மாட்டிக்கொண்டார். அடுத்த வாரம் அது மறுபடி மேசைமேல் இருந்தது. டீச்சர் மறுபடி சொன்னார். அவர் மறுபடி சரிங்க என்றார். எதிர்த்துப் பேசுகிறவர் இல்லை. பெரியவர்களிடம், ஆபீசர்களிடம், டாக்டரிடம் எல்லாம் அவர் அப்படித்தான் சரிங்க என்பார்.

ஐந்தாவது வாரம் கல்லுக்குழியில் தேர்வு. ஆறு பலகை. வெள்ளியங்கிரி ஆறையும் அடித்தார். வேறு யாரும் ஐந்தைத் தாண்டவில்லை. காளியண்ணன் நாலு.

கடைசிச் சனிக்கிழமை டீச்சர் படிவங்களைத் திருப்பிக் கொடுத்தார். வெள்ளியங்கிரியின் படிவத்தில் கையெழுத்து இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

காளியண்ணன் எட்டிப் பார்த்தார். "நாலு அடிச்சவன் பாசு, ஆறு அடிச்சவன் பெயிலா? டீச்சர், பேப்பர் மாறிப் போச்சுங்களா?"

"மாறலை."

மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். வெள்ளியங்கிரி நின்றார். காளியண்ணனும் போகவில்லை. வெள்ளியங்கிரி திரும்பிப் போகிற வண்டி அவருடையது.

"டீச்சர், எங்கிட்ட என்ன குறைங்க?" என்று கேட்டார் வெள்ளியங்கிரி. "கண்ணு சரியில்லீங்களா, கை சரியில்லீங்களா? சொன்னீங்கன்னா திருத்திக்கறேன். கதிர் பால் பிடிச்சு நிக்குது. இப்பத்தான் பன்னி வரும். இன்னும் ரெண்டு மாசம் நான் அதைக் காப்பாத்தணுமுங்க. இனி அவளை அந்தக் காட்டுக்குள்ள விட முடியாது."

டீச்சர் வாசலைப் பார்த்தார்.

"வெளியே உக்காந்திருக்கிறது அவங்களா?"

"ஆமாங்க. தையல் பிரிக்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகோணும்."

டீச்சர் வெளியே போய் நாச்சம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏதோ சொன்னார். நாச்சம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருமுறை, "நெசத் துப்பாக்கி இல்லீங்கல்ல?" என்றாள். பிறகு தலையாட்டினாள். டீச்சர் அவளைக் கைத்தாங்கலாகக் கொட்டகையின் பின்கதவு வழியாக உள்ளே கூட்டிப்போனார். காளியண்ணனையும் கையசைத்துக் கூப்பிட்டார். வெள்ளியங்கிரிக்கு இது எதுவும் தெரியாது. அவர் முன்கதவோர வெளிச்சத்தில் படிவத்தை விரித்து மறுபடி படித்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் திரும்பி வந்தார்.

"உள்ள சிலது இருக்கு அண்ணாச்சி. சுட வேண்டாம். எது என்னன்னு சொன்னாப் போதும்."

"சொன்னாக் கையெழுத்துப் போடுவீங்களா?"

"முதல்ல சொல்லுங்க."

மேசைமேல் இரண்டும் இருந்தன. வெள்ளியங்கிரி கைக்கருவியைத் தாண்டிக் கை நீட்டி மரத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டார். கதவு மூடியது.

அவர் மூச்சைச் சீராக்கிக்கொண்டார். தோளில் வைத்து, இடது மூலையிலிருந்து மெதுவாக வந்தார்.

"மூலையில அட்டைப் பன்னி. அதுக்குப் பக்கத்துல சின்னதா ஒண்ணு. அதுவும் அட்டைதானுங்க, நாய் மாதிரி வெட்டியிருக்குது."

"சரி."

"தூண் ஓரம் மனுசன். காளியண்ணனுங்க. மூக்கை நோண்டிட்டு நிக்கறாப்ல."

"இருட்டுலகூட மானத்தை வாங்கறான் பாருங்க" என்றது தூண் பக்கத்துக் குரல்.

"மேல சொல்லுங்க" என்றார் டீச்சர்.

"வலது பக்கம் ஒண்ணுமில்லீங்க. இருங்க. சுவரோரம் தாழ்வா ஏதோ இருக்குது. குனிஞ்சாப்ல. பன்னி..." நிறுத்தினார். "இல்ல. இருங்க."

அவர் அவசரப்படவில்லை. நன்றாகப் பார்த்தார்.

"பன்னி இல்லீங்க. ஆளு. தலையில சீலை போட்டிருக்குது." இன்னும் பார்த்தார். "நாச்சாளா அது? நாச்சாதானுங்க. எம் பொண்டாட்டி."

"நிச்சயமா?"

"நிச்சயமுங்க. காலை நீட்டி உக்காந்திருக்கறா."

டீச்சர் கதவைத் திறந்து, ஒரு ஜன்னலின் தார்ப்பாயையும் சுருட்டினார். வெயில் உள்ளே விழுந்தது. நாச்சம்மாள் தாழ்ந்த மணைப்பலகையில், கட்டுப் போட்ட காலை நீட்டி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளியங்கிரியின் முகத்தில் மூன்று வாரத்துக்குப் பிறகு ஒரு தெளிவு வந்திருந்தது.

"பாத்தீங்களா டீச்சர்? பதறலீங்க. சந்தேகம் வந்தது, நின்னு பாத்தேன். ஒரு ஆளைக்கூடப் பன்னின்னு சொல்லல."

"ஆமா அண்ணாச்சி. ஒண்ணுகூடத் தப்பில்லை."

அலமாரித் தட்டில் இன்னொரு கைக்கருவி நின்றுகொண்டிருந்தது. டீச்சர் அதை எடுத்துவந்தார். நடந்ததையெல்லாம் அது படம் பிடித்திருந்தது.

"மரத் துப்பாக்கியோட வாயில ஒரு சின்ன விளக்கு வெச்சிருக்கேன். அந்த வெளிச்சம் நம்ம கண்ணுக்குத் தெரியாது. துப்பாக்கியில இருக்கிற கருவியிலயும் தெரியாதபடி ஒரு கண்ணாடி போட்டு மறைச்சிருக்கேன். இதுல மட்டும் தெரியும். வாய் எங்க திரும்புதோ அங்க ஒரு புள்ளி விழும்."

நான்கு பேரும் சின்னத் திரையைச் சுற்றிக் குனிந்தார்கள்.

பச்சை இருட்டில் ஒரு வெள்ளைப் புள்ளி. அது அட்டைப் பன்றியின் மேல் ஏறி இறங்கியது. நாய்க்குப் போனது. தரையோடு நகர்ந்து தூணில் ஏறியது. காளியண்ணனின் வயிற்றில் பட்டு, நெஞ்சுக்குப் போய், முகத்துக்கு வந்தது. படத்தில் காளியண்ணன் மூக்கை நோண்டிக்கொண்டிருந்தார். புள்ளி அந்த விரலுக்கு மேலே, இரண்டு கண்ணுக்கும் நடுவில் இருந்தது.

காளியண்ணன் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

புள்ளி வலப்பக்கம் சென்றது. சுவரில் அலைந்தது. கீழே வந்தது. நாச்சம்மாளின் காலில் கட்டின்மேல் பட்டது. மடிக்கு ஏறியது. கழுத்துக்கு வந்து நின்றது.

திரையின் மூலையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

கழுத்திலிருந்து புள்ளி நெற்றிக்குப் போனது. அங்கே நின்றது. படத்தில் நாச்சம்மாள், ஒன்றும் தெரியாத இருட்டில், கணவனின் குரல் வந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை காதைச் சொறிந்தாள். புள்ளி அசையவில்லை. வெள்ளியங்கிரிக்கு நல்ல கை.

கருவியிலிருந்து அவர் குரலே வந்தது. "நாச்சாளா அது?"

புள்ளி இன்னும் அங்கேயே இருந்தது.

"நிச்சயமா?" என்றது டீச்சரின் குரல். "நிச்சயமுங்க."

அதற்குப் பிறகும் இருந்தது.

நாச்சம்மாள் திரையின்மேல் விரல் வைத்துக் கேட்டாள்.

"ஏனுங்க, என் நெத்தியில வெள்ளையா அது என்னங்க?"

அவள் வெள்ளியங்கிரியின் முகத்தைப் பார்த்தாள். மறுபடி கேட்டாள்.

"நான் பாத்தது" என்றார் அவர்.

டீச்சர் கருவியை அணைத்தார்.

வெள்ளியங்கிரி இன்னமும் தோளில் மாட்டியிருந்த மரத் துப்பாக்கியைக் கழற்றினார். எங்கே வைப்பதென்று தெரியாதவர்போல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். அதன் வாய் யார் பக்கம் இருக்கிறது என்று பார்த்தார். சுவர்ப் பக்கம் திருப்பினார்.

"மரம்தானுங்களே அது" என்றார் சன்னமான குரலில். "விரலும் வெளியதான்..." என்று தொடங்கி, அதை முடிக்கவில்லை.

காளியண்ணன் அவர் தோளைத் தொட்டார். "வாய்யா, ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு."

வெள்ளியங்கிரி மேசைக்குப் போனார். துப்பாக்கியை வைத்தார். படிவத்தை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். டீச்சர் பேனாவை எடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

"அடுத்த பயிற்சி எப்பங்க?"

"மாசியில."

மாசிக்குள் அறுப்பு முடிந்துவிடும். அறுக்க ஏதாவது மிச்சமிருந்தால். அது அவருக்கும் தெரியும், நாச்சம்மாளுக்கும் தெரியும்.

"வரேனுங்க" என்றார்.

நாச்சம்மாள் எழ முயன்றாள். அவர் போய்த் தூக்கிவிட்டார். அவள் அவர் கையைப் பிடிக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டடி நடந்தாள். பிறகு பிடித்துக்கொண்டாள்.

வாசலுக்கு வந்ததும் வெள்ளியங்கிரி நின்றார். அவர் முகத்தைப் பார்த்தால் வாதம் செய்ய வந்தவர்போல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"டீச்சர், கைக்கருவியில தேடி, பன்னிதான்னு கண்டு, அதை விட்டுட்டு, அப்புறம் துப்பாக்கியை எடுத்துத் தோள்ல வெக்கோணும். அதுக்குள்ள பன்னி போயிருமுங்களே."

"ஆமா அண்ணாச்சி" என்றார் ஆக்னஸ். "போயிரும்."