முத்தின் அருகே ஊமையான கல்

கல்லுக்கும் சிப்பிக்கும் நாவிருந்த அந்தக் காலத்தில், மலை தனக்கு வேண்டிய மழையைத் தானே கேட்டுப் பெறும். மணல் தன்மேல் நடப்பவரிடம் எந்த ஊர் என்று விசாரிக்கும். பிரோசாக் கல்லும் அன்று பேசிற்று. வானத்து நீலத்தில் கடலின் பச்சை ஒரு துளி கலந்தாற்போல இன்று நாம் காணும் அந்தக் கல், அப்போது கலப்பற்ற நீலமாகவே இருந்தது. எண்ணெய் பட்டாலும் வியர்வை பட்டாலும் அதன் நிறம் மாறியதில்லை. முத்தும் அவ்வாறே, நூறாண்டு பெட்டிக்குள் கிடந்தாலும் ஒளி குன்றாமல் இருந்தது. இரண்டையும் ஒரே நகையில் பதிக்க எவரும் நினைத்ததில்லை. கல் பிறந்தது மழையறியா மலைநாட்டில். முத்துப் பிறந்தது வானமறியாக் கடலடியில். அவை எங்கே சந்திக்கப் போகின்றன?

தென்கடற்கரைப் பட்டினம் ஒன்றில் திரையன் என்னும் முத்துக்குளிப்பவன் வாழ்ந்தான். அவன் மனைவி பெயர் சாத்தி. அவளுடைய தம்பி கொற்றன், திரையன் கடலில் மூழ்கும்போது தோணியிலிருந்து கயிறு பிடிப்பவன். அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. மூழ்குபவனின் இடுப்புக் கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தான்தான் பிடிக்கவேண்டும். தந்தையும் பிடிக்கலாகாது, தோழனும் பிடிக்கலாகாது. தன் சகோதரியின் வாழ்வு அந்தக் கயிற்றின் மறுமுனையில் தொங்குகிறது என்று அறிந்தவன் கைதான் தளராது என்பது முன்னோர் கண்ட கணக்கு.

கயிறு பிடிப்பவனுக்கு இன்னொரு கடமையும் உண்டு. மூழ்கியவன் உள்ளே போனதும் ஒன்று, இரண்டு என்று அவன் எண்ணத் தொடங்கவேண்டும். கீழிருந்து கயிறு சுண்டப்பட்டால் உடனே இழுக்கவேண்டும். எண்பது எண்ணியும் சுண்டல் வராவிட்டால், எதற்கும் காத்திராமல் இழுத்துவிடவேண்டும். எண்ணும்போது பேசக்கூடாது. கொற்றனுக்குக் கடினமாக இருந்தது அது ஒன்றுதான்.

“ஊரில் வேறு எவன் தன் மச்சானுக்காக எண்பது வரை வாயை மூடிக்கொண்டிருக்கிறான்?” என்று அவன் குறைபட்டுக்கொள்வான்.

“நீ வாயை மூடும் அந்தச் சிறிது நேரத்துக்காகத்தான் மாப்பிள்ளை நான் மூழ்குகிறேன்,” என்பான் திரையன். தோணியில் இருப்பவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள்.

சாத்திக்கு அந்தச் சிரிப்பில் பங்கில்லை. அவள் கரையில் இருந்தாள். விடியலில் நிலக்காற்றோடு போகும் தோணிகள் நண்பகலில் கடற்காற்றோடு திரும்பும்வரை, அவள் அடுப்பில் உலை வைத்தாலும் வலை பின்னினாலும் கண் கடலிலேயே இருக்கும். பாய்கள் தெரிந்ததும் எண்ணுவாள். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் திரையனின் தலை தெரியும்வரை அவளுக்கு மூச்சு வராது. அவன் நாளொன்றுக்கு நாற்பது முறை கடலுக்குள் மூச்சடக்கினான் என்றால், அவள் கரையில் காலை முதல் நண்பகல்வரை ஒரே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த ஆண்டு குதிரைகளை ஏற்றிவந்த கப்பல் ஒன்று துறையில் நின்றது. அதிலிருந்த பாரசீக நாட்டுக் குதிரைக்காரன் ஒருவன் காய்ச்சலால் மணலில் விழுந்துகிடந்தான். சாத்தி அவனுக்கு ஒன்பது நாள் கஞ்சி வார்த்தாள். எழுந்து நடக்க இயன்றதும், அவன் தன் குதிரையின் நெற்றிப்பட்டையிலிருந்து ஒரு நீலக் கல்லைக் கழற்றி அவளிடம் நீட்டினான். தனக்குத் தெரிந்த சில தமிழ்ச் சொற்களைக் கூட்டி, எங்கள் மலைப்பாதையில் குதிரை கால் வைக்கும் முன்பே இக்கல் பள்ளத்தைச் சொல்லிவிடும், இதை அணிந்த குதிரை ஒன்றும் விழுந்ததில்லை என்றான்.

சாத்தி அந்தக் கல்லைத் தன் கழுத்தில் அணியவில்லை. அன்றிரவே நூலில் கோத்துக் கணவனின் மணிக்கட்டில் கட்டினாள். “எனக்கு நகை வேண்டாம். நீங்கள் திரும்பி வரவேண்டும்,” என்றாள். பிறகு கல்லிடம் குனிந்து, “மூச்சு முடியும் நேரம் உனக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

“குதிரையின் கால் தெரிந்த எனக்கு மனிதனின் மூச்சா தெரியாது?” என்றது கல். “நேரம் வந்ததும் ‘எழு’ என்பேன். அந்த ஒரு சொல் போதும்.”

கல் சொன்னபடியே செய்தது. திரையன் நெஞ்சு முட்டுவதாக நினைத்து எழ முற்படும்போதெல்லாம் அது பேசாதிருக்கும். இன்னும் நான்கு சிப்பி பறித்தபின் “எழு” என்னும். அவன் கயிற்றைச் சுண்டுவான். நலமாக மேலே வருவான். சில நாட்களில் அவன் தன் நெஞ்சின் குரலைக் கேட்பதை விட்டுவிட்டான். கல்லுக்குத் தெரியாததா என்பதே அவன் எண்ணம். கொற்றனும் எண்ணுவதை விட்டான். கயிற்றைத் தளர்வாகப் பற்றிக்கொண்டு, பக்கத்துத் தோணிக்காரனோடு பட்டினத்து வம்பையெல்லாம் பேசத் தொடங்கினான். வயதான தோணிக்காரர் ஒருவர் இதைக் கண்டு, எண்ணுவதில்லையா என்று கேட்டதற்கு, “கல் எண்ணுகிறது பெரியவரே, எனக்கெதற்கு இரட்டை வேலை?” என்று சிரித்தான்.

இதைப் படிப்பவர் இங்கே சற்று நிற்கவேண்டும். கல்லை நம்பியது பிழையன்று. ஒருவர் நம்மிடம் ஒப்படைத்த கடமையை, அவரைக் கேளாமலே இன்னொருவர் கையில் இறக்கிவைத்துவிட்டு, கயிறு மட்டும் நம் கையில் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்வதுதான் பிழை. அந்தக் கயிற்றால் யாருக்குப் பயன்?

இனிக் கல்லின் உள்ளத்தையும் சொல்லவேண்டும். ஏழாண்டுக்கு ஒருமுறை மழை பெய்யும் மலையில் பிறந்த அதற்கு, நீரின்மேல் தணியாத ஏக்கம் இருந்தது. அந்த மலையில் வானத்தை அன்றி வேறு நீலத்தை அது கண்டதில்லை. தனக்குக் கீழேயும் ஒரு நீலம் உண்டென்று ஒட்டகக்காரர்கள் பேசக் கேட்டிருந்தது. இப்போது அந்த நீலத்துக்குள்ளேயே நாள்தோறும் இறங்கியது. அங்கே, பார் என்று குளிப்போர் அழைக்கும் கடலடிப் பாறைத்திட்டில், தனியே ஒட்டியிருந்த ஒரு முதிய சிப்பியை அது கண்டது. திரையனின் கை அதைக் கடக்கும்போதெல்லாம் சிப்பி விரலளவு வாய் திறக்கும். உள்ளிருந்து ஏதோ ஒன்று பார்க்கும்.

உள்ளே இருந்தது ஒரு முத்து. தலைக்குமேல் நெடுந்தொலைவில் நடுங்கும் ஒரு நீலத்தைப் பார்த்தே அது வளர்ந்தது. அதுதான் வானம் என்று மீன்கள் சொல்லியிருந்தன. அதனிடம் போகவேண்டும், அல்லது அது தன்னிடம் வரவேண்டும் என்பதைத் தவிர முத்துக்கு வேறு விருப்பமில்லை. இருட்டில் கிடப்பவரின் ஏக்கம் நாளுக்கு நாள் மெருகேறும் என்பார்கள். முத்தின் ஒளி அவ்வாறு வந்ததுதான்.

ஒருநாள் திரையன் அந்தச் சிப்பியையே பறிக்கக் கை நீட்டினான். அது பாறையை விடவில்லை. அவன் இரு கையாலும் பற்றினான். கல்லும் முத்தும் நெற்றியோடு நெற்றி நின்றன.

“நீதான் வானமா?” என்றது முத்து.

“அல்லேன். அதையே பார்த்திருந்து அதன் நிறம் கொண்டவன்,” என்றது கல்.

“அப்படியானால் சொல். அது எப்படி இருக்கும்?”

அதுவரை எவரும் கல்லிடம் அதன் ஊரைப் பற்றிக் கேட்டதில்லை. பள்ளம் எங்கே, நேரம் எவ்வளவு என்றுதான் கேட்டிருந்தார்கள். கல் சொல்லத் தொடங்கியது. விடியலில் மலைமுகடு சிவப்பதைச் சொன்னது. நண்பகலில் நிழலே இல்லாத நீலத்தைச் சொன்னது. ஏழாண்டுக்கு ஒருமுறை வரும் முகிலைச் சொல்லப் புகுந்தது. அந்த இடத்தில் நேரம் வந்துவிட்டது. கல்லுக்கு அது தெரிந்தது. ‘எழு’ என்னும் சொல் நாவின்மேல் நின்றது. முகிலைப் பற்றித் தொடங்கிய வாக்கியத்தை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று கல் எண்ணிற்று.

ஒரே ஒரு வாக்கியம். அவ்வளவுதான்.

திரையனின் நெஞ்சு முட்டியது. கல் இன்னும் சொல்லவில்லையே என்று அவன் பொறுத்தான். சிப்பி பாறையை விட்டு அவன் கைக்கு வந்தது. மேலே கொற்றன் ஒரு வேடிக்கைப் பேச்சை முடித்துச் சிரித்துக்கொண்டே கடலைப் பார்த்தபோது, நீர்மேல் குமிழி ஒன்றும் இல்லை.

அவன் இழுத்தான். அவ்வளவு விரைவாக அந்தக் கரையில் எவரும் கயிறு இழுத்ததில்லை என்று பின்னர் சொன்னார்கள். திரையன் மேலே வந்தான். தோணியிலிருந்தவர்கள் அவன் உள்ளங்காலைத் தேய்த்தார்கள். கவிழ்த்துக் கிடத்தி நீரை வடித்தார்கள். மூச்சு வரவில்லை.

பாய்களை எண்ணிக்கொண்டிருந்த சாத்திக்கு அன்றும் எண்ணிக்கை சரியாகவே இருந்தது. தலை மட்டும் தெரியவில்லை. தோணி மணலில் ஏறியதும் கொற்றன் இறங்கிவந்து அவள் காலடியில் விழுந்தான். “நான் எண்ணவில்லை அக்கா,” என்றான்.

அவள் கணவன் அருகில் அமர்ந்தாள். உடம்பு குளிர்ந்திருந்தது. இறுக மூடிய வலக்கையை விரல் விரலாகப் பிரித்தாள். உள்ளே சிப்பி தானே திறந்துகொண்டது. எத்தனையோ காலம் வானத்தைக் காண ஏங்கிய முத்து வெளியே பார்த்தது. வானம் தெரியவில்லை. அதன்மேல் குனிந்திருந்த சாத்தியின் முகமே தெரிந்தது.

அப்போது மணிக்கட்டிலிருந்த கல் பேசியது.

“எழு.”

கரையில் நின்றவர் அனைவரும் கேட்டார்கள். சற்றுப் பொறுத்து மறுபடியும் “எழு” என்றது. பிறகு நிறுத்தாமல் அந்த ஒரு சொல்லையே சொல்லிக்கொண்டிருந்தது. குரல் உடைந்தும் சொல்லிற்று. ஒரு மூச்சுக்கு முன்னால் சொல்லியிருந்தால் ஓர் உயிரின் விலை பெற்றிருக்கும் சொல், இப்போது அலையின் ஓசைக்கும் ஈடாகவில்லை. நல்ல சொல்லும் நேரம் தவறினால் அழுகையாகிவிடுகிறது.

“போதும்,” என்றாள் சாத்தி. “அவர் உறங்கட்டும். நீ இனிப் பேசவேண்டாம்.”

கல் அடங்கியது. அந்த ஒரு கல் மட்டுமன்று. அதன் இனமே அடங்கிற்று. அதைக் கண்டு முத்தும் நாவை உள்ளே இழுத்துக்கொண்டது.

இரண்டையும் கடலில் எறிந்துவிடும்படி ஊரார் சொன்னார்கள். சாத்தி இசையவில்லை. அவள் சொன்னது இது: “ஒன்றையொன்று பார்க்கும் ஏக்கத்தில் இவை என் வீட்டை இருட்டாக்கின. பிரித்து எறிந்தால் அந்த ஏக்கம் நாளை இன்னொருத்தியின் கணவனைத் தேடிப் போகும். ஒன்றாகவே இருக்கட்டும், என் கண்ணெதிரில். மேலும், அவர் கைக்குள் கடைசியாக இருந்த சூடு இந்த முத்தில்தான் இருக்கிறது. அதை ஆறவிடமாட்டேன்.”

அவள் முத்தைத் துளையிடச் செய்து, கல்லின் அருகில் ஒரே நூலில் கோத்து முடிச்சிட்டு, மார்போடு அணிந்துகொண்டாள். வேலையெல்லாம் முடிந்தபின் கடைசியாக அணிவாள். வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்றுவாள். எண்ணெய்க் கையால் தொடமாட்டாள். அதை அணிந்துகொண்டு ஒருபோதும் நீரில் இறங்கமாட்டாள். காரணம் கேட்டவர்களிடம், ஒருமுறை மூழ்கியது போதும் என்பாள். எங்கேனும் ஒரு வாரம் கழற்றி வைத்தால் முத்து ஒளி குன்றும். மறுபடி தோலில் பட்டால் தெளியும். அந்தச் சூட்டைக் காக்க அதற்கு ஓர் உடம்பு வேண்டியிருந்தது.

கொற்றன் கயிறு பிடிப்பதை விடவில்லை. ஊரார் முதலில் தயங்கினார்கள். பிறகு மைத்துனன் கைதான் என்ற வழக்கத்தையும் ஒதுக்கிவைத்துத் தங்கள் மக்களை அவன் தோணிக்கே அனுப்பினார்கள். அவன் இப்போது வாய்விட்டு, கடலெல்லாம் கேட்க எண்ணினான். எண்பதுக்குமேல் ஒருநாளும் போகவில்லை.

பல ஆண்டுகள் சென்றபின் ஒரு காலையில், சாத்தி வெளியே புறப்படும் நேரத்தில், அவன் அவளைக் காணச் சென்றான். அவள் நலம் என்றே சொன்னாள், சிரித்தாள், அவனுக்குக் கஞ்சியும் வார்த்தாள். ஆனால் அவள் கழுத்திலிருந்த கல்லைக் கண்டு அவன் திடுக்கிட்டான். வான்நீலம் போய், ஆழ்கடலின் பச்சை அதில் ஏறியிருந்தது. “அக்கா, கல் ஏதோ சொல்கிறது,” என்றான். அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். உடம்புக்குள் நாட்கணக்காகப் பதுங்கியிருந்த காய்ச்சலை அவளே அதுவரை அறிந்திருக்கவில்லை. கொற்றன் அக்கணமே ஓடி மருத்துவரை அழைத்துவந்தான். ஒருநாள் தாழ்ந்திருந்தால் பிழைத்திருக்கமாட்டாள் என்றார் அவர்.

தேறியபின் சாத்தி அந்தக் கல்லை நெடுநேரம் உள்ளங்கையில் வைத்திருந்தாள். பேசாதே என்று அவள் இட்ட கட்டளையை அது மீறவில்லை. சொல்லவேண்டியதை மட்டும் இம்முறை நேரத்தில் சொல்லிவிட்டது. “இப்போது தெரிந்துகொண்டாய்,” என்றாள். அவள் கண்ணீர் பட்ட இடத்தில் கல் இன்னும் சற்றுப் பச்சையாயிற்று.

ஏக்கம் கொள்வது குற்றமென்று இந்தக் கதை சொல்லவில்லை. ஏங்காத உள்ளம் சிப்பியற்ற கடலடிப் பார். உன் ஏக்கத்தின் வாக்கியத்தை முடிக்குமுன், உன்னை நம்பி மூச்சடக்கியிருப்பவர் எவரேனும் உண்டா என்று பார்த்துக்கொள். அவருக்குரிய சொல்லை முதலில் சொல்லிவிடு. முகிலைப் பற்றிப் பிறகும் பேசலாம்.

தலைமுறைகள் கைமாறிய பழம் பதக்கத்திலும், நேற்றுச் செய்து கடைக் கண்ணாடிக்குள் வைத்த புதுக் காதணியிலும் பிரோசாக் கல்லைச் சுற்றி முத்துகள் நெருங்கி அமர்ந்திருப்பதையும், அவற்றைக் கடைசியில் அணிந்து முதலில் கழற்றுவதையும் நாம் காண்கிறோம். எல்லாம் சாத்தி அந்த நூலில் முடிச்சிட்ட நாளில் தொடங்கியவை. முத்து ஓர் உடம்பின் சூட்டைத் தேடுவதும், வாயிழந்த கல் காலம் தாழ்வதற்குள் நிறம் மாறிச் சொல்லிவிடுவதும் அன்று தொட்டுத்தான்.