ஆறாவது பத்தி

சிரிப்பு வரும் கதைதான் இது. ஆனால் இப்போதே வராது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"சாமி, தணிகாசலம் என்கூடப் பேசறதில்லை" என்றபடியே வந்து உட்கார்ந்தார் செவ்வந்தியப்பன்.

சீடருக்கு வயது ஐம்பத்தெட்டு. குருவுக்கு முப்பத்தாறு. அந்த மலையடிவார மடத்தில் குரு செய்கிற ஒரே தவம் வாசிப்பு. அதுவும் வரிக்கு வரி விரல் வைத்து, எழுத்துக்கூட்டுகிற பிள்ளையைப் போல.

சீடர் அப்படியில்லை. படு வேகம். சினிமா, சாதி, டி.வி. விவாதம், கல்யாண வீடியோ என்று எதைப் பற்றி இணையத்தில் கட்டுரை வந்தாலும் திரட்டிவிடுவார். ஞாயிறுதோறும் பத்து லிங்க். வாங்கிக்கொள்ளத் தொள்ளாயிரம் பேர். அதில் குருவும் ஒருவர்.

"என்ன கோபமாம்?" என்று கேட்டார் குரு.

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? நாப்பது வருஷச் சிநேகிதம். போன ஞாயிறு அவன் எழுதினதைத்தான் முதல்ல போட்டேன். 'ஆஸ்பத்திரி வராந்தாவில் நாம் என்ன பார்க்கிறோம்?' தலைப்பே எப்படி இருக்கு பாருங்க! ஒரு நன்றி? ஒரு கும்பிடு பொம்மை? ம்ஹூம். நேத்து போன் போட்டா, அணைச்சு வெச்சிருக்கான்."

"லிங்க்குக்கு மேலே நீங்க என்ன எழுதி அனுப்பினீங்க?"

சீடர் தொண்டையைச் செருமிக்கொண்டார். மேடைக் குரல் வந்தது.

"'நம் காலத்தின் நாடித்துடிப்பு. கடைசி வரி வரை விடாமல் படியுங்கள்!'"

"பதில் வந்துதா?"

"கொட்டிச்சு சாமி!"

ரிட்டயரான ஹெட்மாஸ்டர் ஒருவர்: "அருமையான பகிர்வு, ஐயா." காலேஜ் பெண் ஒருத்தி: "செம சார், அழுதுட்டேன்." துபாயிலிருந்து ஒருவன்: "சூப்பர் ப்ரோ." அத்தனை குரலையும் சீடர் அச்சு அசலாகப் பேசிக் காட்டினார்.

"ஆறாவது பத்தியைப் படிங்க" என்றார் குரு.

"ஆறாவதா?" சீடர் நெளிந்தார். "சாமிகிட்ட என்ன மறைப்பு? நமக்கு முதல் பத்தி, கடைசிப் பத்தி, அவ்வளவுதான். நடுவுல இருக்கறதெல்லாம் சக்கை. தொள்ளாயிரம் பேருக்குப் பொறுக்கிப் போடறவனுக்கு ஏது நேரம்?"

"படிங்க."

சீடர் போனைத் தள்ளித் தள்ளி அந்த இடத்துக்கு வந்தார். சத்தமாகவே படித்தார்.

"'எதிர் பெஞ்சில் எல்லார் கையிலும் போன். ஒருவர் சமையல் பார்க்கிறார், ஒருவர் சண்டை பார்க்கிறார். செவ்வந்தி, நீயாவது இந்த இடம் வரைக்கும் வந்திருப்பாய். புதன்கிழமை காலை எனக்கு ஆபரேஷன். கூட இருந்து கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் கத்தி வைக்க மாட்டார்களாம். தள்ளிப்போடவும் கூடாதாம். நேரில் கேட்க நாக்கு எழவில்லை. வந்துவிடு.'"

சீடர் நிமிர்ந்தார். ஒரு நிமிஷம் குருவையே பார்த்தார்.

பிறகு தொடையில் அடித்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"அட, பலே! நான் நடுவுல படிக்கறதில்லைன்னு தெரிஞ்சு ரெண்டு பேரும் சேர்ந்து செருகிட்டீங்க! நல்லா மாட்டிவிட்டீங்க சாமி! எங்கே அவன், கதவுக்குப் பின்னாடியா? டேய் தணிகா, போதும், வாடா வெளியே!"

யாரும் வரவில்லை.

"நான் மெதுவாப் படிக்கிறவன்" என்றார் குரு. "அந்தப் பத்திக்கு வரும்போது வியாழக்கிழமை ஆயிடுச்சு."

"சரி, சரி. உடனே கிளம்பிப் போனீங்களாக்கும்?"

"போனேன்."

"கையெழுத்தும் போட்டீங்களாக்கும்?"

"போட்டேன்."

"அப்புறம் என்ன? ஆபரேஷன் நல்லபடியா..."

"அதுக்கு இல்லை. உடம்பை வாங்கிக்கிறதுக்கு."

இன்னொரு தரம் தொடையில் அடிக்க ஓங்கிய கை, ஓங்கின இடத்திலேயே நின்றது.