ராகு காலத்தில் ஒரு விமானம்

அன்று பம்மல் மடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். மடத்தை நடத்தும் அம்மையார், அவரைவிடப் பதினான்கு வயது மூத்த சீடர் அருணகிரி, மருந்துக் கடை வைத்திருக்கும் சந்திரமதி, தபால்காரராக இருந்து ஓய்வுபெற்ற பொன்னம்பலம், நான். தை மாதம், செவ்வாய்க்கிழமை. ராகு காலம் நான்கரைக்கு முடிந்தது. அருணகிரி நான்கே முக்காலுக்கு வந்தார்.

அவர் தம்பி லண்டனில் இருக்கிறார். அம்மாவின் காரியத்துக்கு வரவில்லை என்று ஒன்பது வருஷமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. போன சனிக்கிழமை தம்பியே போன் செய்தாராம். வியாழக்கிழமை காலை இருதயத்தில் ஆபரேஷன். பிழைப்பது பாதிக்குப் பாதி என்கிறார்கள். அதற்கு முன் ஒரு தடவை வந்துவிட்டுப் போ அண்ணா என்றாராம்.

அருணகிரி இங்கிலாந்தில் இருக்கும் மகளைப் பார்க்கப் போய்வந்த விசா இன்னும் செல்லுபடியானது. விமானத்தில் இடமும் இருந்தது.

அருணகிரி ஒரு தாளை எடுத்து வாசித்தார். தூரம் எட்டாயிரத்து இருநூறு கிலோமீட்டர். பறக்கும் நேரம் பதினொரு மணி. லண்டன் கடிகாரம் நமக்கு ஐந்தரை மணி பின்னால். நேற்றைய விமானம் காலை எட்டுக்கு. சென்னையில் ராகு காலம். இன்றைய விமானம் பத்தே முக்காலுக்கு. புறப்படும்போது குற்றமில்லை, இறங்கும்போது லண்டனில் ராகு காலம். நாளை பன்னிரண்டரைக்கு, மறுபடியும் சென்னையில் ராகு காலம். வியாழன் மாலை நான்கு மணி விமானம்தான் இரண்டு ஊரிலும் சுத்தம்.

"ராகுவுக்கும் லண்டன் விசா கிடைச்சிடுச்சா அண்ணே?" என்றார் சந்திரமதி.

பொன்னம்பலம் சிரித்தார். அம்மையார் சிரிக்கவில்லை.

"வியாழன் விமானத்தில் போனால், ஆபரேஷனுக்கு முன் தம்பியோடு எவ்வளவு நேரம் இருப்பீர்கள்?"

அருணகிரி தாளை மடித்தார். இறங்கவே ராத்திரி ஒன்பதரை ஆகும், எல்லாம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன் என்றார்.

"நாளை விமானத்துக்குக் கணக்குப் போடுங்கள், ஐயா."

அருணகிரி ஒரு பென்சிலை வாங்கிக் கணக்குப் போட்டார். மாலை ஆறுக்கு இறங்கலாம். பெட்டியை எடுத்து, கார் பிடித்து, தம்பி வீடு சேர இரண்டே கால் மணி. தம்பி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவது மறுநாள் காலை ஆறரைக்கு.

"பத்தே கால் மணி நேரம்," என்றார். பென்சிலைக் கீழே வைக்கவில்லை. "ஆனால் கிளம்புவது ராகு காலத்தில், அம்மா. நான் போய் அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?"

"ராகு காலம் எத்தனை மணி நேரம்?"

"ஒன்றரை."

"அதை ராகுவுக்கே கொடுத்துவிடுங்கள். அந்த ஒன்றரை மணியும் தம்பி கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருங்கள். பேசுவதற்கு மீதி எட்டே முக்கால் மணி நேரம்."